பத்தடிக்கு மூன்று அங்குலம்

மாலை வகுப்புக்குப் போகிறவர்கள் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது பசியைத்தான். மண்டி மொஹல்லாவில் நான் வேலை செய்யும் இரும்புச் சாமான் கடையில் காலை ஏழரைக்கு ஷட்டரைத் தூக்குவது நான் என்பதால், நாலு மணிக்கு என்னை விட்டுவிடுவார்கள். அங்கிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் சாலையில் இருக்கும் பண்ணைக்கு ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். நடுவில் சாப்பிட நேரம் கிடையாது. முதல் வாரம் தலை சுற்றியது. இரண்டாம் வாரத்திலிருந்து பையில் இரண்டு வாழைப்பழம் வைத்துக்கொண்டேன். சரியாகிவிட்டது.

எந்தக் கஷ்டத்துக்கும் ஒரு வழி இருக்கும், பொறுமையாகத் தேடினால் கிடைக்கும் என்று நம்புகிறவள் நான். என் பெயர் தாரணி. வயது இருபத்து மூன்று. அப்பாவும் அம்மாவும் மார்டள்ளிப் பக்கத்திலிருந்து மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்தவர்கள். நேற்று இந்த ஸ்டேஷனில் என்னைச் சாட்சியாக உட்காரவைத்து, இன்ஜினியர் கொடுத்த அறிக்கையை வாசித்துக் காட்டினீர்கள். அதில் ஒரு தவறு இருக்கிறது. என்னோடு படித்த சுரேந்தர் ஐந்து நாட்களாக உள்ளே இருப்பது அந்தத் தவறினால்தான். அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன்.

எனக்குக் கன்னடம் பேச வரும். ஆனால் பள்ளிப் படிப்பு மேட்டூரில் மாமா வீட்டில் என்பதால் எழுத உட்கார்ந்தால் தமிழ்தான் வருகிறது. என்னை விசாரித்த வினிதா மேடம் இதைக் கன்னடத்தில் மாற்றி இன்ஸ்பெக்டர் ஐயாவுக்குப் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். எண்களை மட்டும் அப்படியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். அவை ஒவ்வொன்றும் இரண்டு முறை சரிபார்க்கப்பட்டவை.

நான் படித்தது மினி எக்ஸ்கவேட்டர் ஓட்டும் வகுப்பு. எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஊரில் அதைக் குட்டி ஹிட்டாச்சி என்றுதான் சொல்வார்கள். செயினில் நகரும், மூன்றரை டன் எடை, குறுகலான இடத்திலும் திரும்பும். வகுப்பை நடத்தும் உதயகுமார் சார் சொந்தமாக மண் வேலை காண்டிராக்ட் எடுப்பவர். மாணவர்கள் பழக அவருக்கு இடம் வேண்டும். பண்ணைக்காரர்களுக்குக் கட்டடங்களைச் சுற்றித் தரையைச் சரிசெய்ய ஆள் வேண்டும். அதனால் ஒவ்வொரு பிரிவையும் ஏதாவது ஒரு பண்ணையில் நடத்துவார். எங்கள் எட்டுப் பேருக்கு வாய்த்தது சேகரன் என்பவருடைய மாட்டுப் பண்ணை. பெரிய கொட்டகை, பால் அறை, பழைய தீவனக் கிடங்கு என்று மூன்று கட்டடங்கள். எட்டுப் பேரில் பெண் நான் ஒருத்திதான்.

முதல் நாள் சார் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். நோட்டு உங்களிடம்தான் இருக்கிறது, மூன்றாம் பக்கம். கட்டடத்துக்கு எதிரி அதன் காலடியில் நிற்கும் தண்ணீர். ஆகவே சுவரடியிலிருந்து வெளிப்பக்கமாகத் தரை பத்தடிக்கு மூன்று அங்குலம் தாழ்ந்துகொண்டே போக வேண்டும். கண்ணுக்கு அது சமதரை போலத்தான் தெரியும். தண்ணீருக்கு மட்டும் தெரியும். அன்று நான் ஒரு கேள்வி கேட்டேன். சுவர் மண்ணாக இருந்தால் என்ன ஆகும் சார் என்று. "மண் சுவருக்கா? மூணு நாள் கால்ல தண்ணி நின்னா மண்டி போட்டுரும்மா, அஷ்டே, அவ்வளவுதான்," என்றார். அதையும் எழுதி, கீழே கோடு போட்டேன்.

எனக்குக் கை வர நாளாயிற்று. தரையைச் சமன் செய்யும்போது பல் இல்லாத அகலமான பக்கெட்டை மாட்டுவார்கள். இடது கையால் அதை நம் பக்கமாக இழுக்கும்போதே வலது கையால் மெல்லத் தூக்கிக்கொண்டே வர வேண்டும். இரண்டும் ஒன்றாக நடந்தால் பக்கெட்டின் விளிம்பு நேர்கோட்டில் வரும். ஒன்று முந்தினாலும் தரை அலை அலையாகிவிடும். என் தரை ஐந்து வாரம் அலையடித்தது.

சுரேந்தருக்கு இது வேடிக்கை. அவன் பெரிய வண்டிகளில் க்ளீனராக இருந்தவன். வந்த முதல் நாளே சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான்.

"தாரணி மேடம், வாழைக்கு வாய்க்கால் இழுக்கிறீங்களா? இன்னும் ரெண்டு இழுங்க, சேகரன் சார் கன்னு வாங்கிட்டு வரட்டும்," என்பான். எல்லோரும் சிரிப்பார்கள்.

"ஸ்வல்ப சும்மா இரு குரு. அவங்க பாட்டுக்கு ஓட்டட்டும்," என்று கன்னடமும் தமிழுமாக அவனை அடக்குவார் சார். அவரும் சிரித்தபடிதான் சொல்வார்.

எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவர்கள் சிரித்தது சரிதானோ என்றுகூட எழுதியிருக்கிறேன். என் நோட்டில் கேள்விக்குறிகள் அதிகம் என்று வினிதா மேடமே சொன்னார். வலது கை முந்துகிறதா? உட்காரும் உயரம் தவறா? பெண்களுக்கு இது வராதா? ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தேன். கடையில் ஆள் இல்லாத நேரங்களில் கவுண்டர் மேல் இரண்டு ஸ்க்ரூடிரைவரை நிறுத்தி, அவற்றை லீவராக நினைத்து, தினமும் அரை மணி நேரம் கையைப் பழக்கினேன். ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமை என் பக்கெட் முதல் முறையாக நேராக வந்தது. ஒன்பதாவது வாரத்தில் நான் இழுத்த தரையில் ஸ்கேலை நிறுத்தி வைத்தால் அடியில் வெளிச்சம் தெரியாது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருவர் சரியாகச் செய்யும்போது சொல்வதற்கு எதுவும் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

இனி மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். உதயகுமார் சாரிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைசித் தேர்வில் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டடத்தின் ஓரமாக முப்பதடி நீளம், பத்தடி அகலம் ஒதுக்கிவிடுவார். குறித்த நாளுக்குள் சரிவை முடிக்க வேண்டும். முடித்த பிறகு யாரும் அதைத் தொடக்கூடாது. அவரும் அன்றைக்கு மார்க் போட மாட்டார். நல்ல மழை ஒன்று பெய்யும்வரை காத்திருந்து, பிறகு எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு துண்டாகப் பார்ப்பார்.

"நான் போட்டா ஆளைப் பார்த்துப் போட்டேன்னு பேசுவீங்க. மழைக்கு உங்க யாரையும் தெரியாது. அது போடறதுதான் மார்க்கு," என்றார். முதலில் வருகிறவருக்கு அவருடைய புது வண்டியின் சீட். பயிற்சி இல்லை, வேலை. அதையும் எட்டுப் பேர் முன்னால் சொன்னார்.

அந்தச் சீட் எனக்கு வேண்டும். அதை மறைக்க நான் விரும்பவில்லை. அதற்காகத்தான் வந்தேன். கடையில் வாழ்நாள் முழுக்க நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுப்பதற்காக அல்ல.

எனக்குக் கிடைத்தது மாட்டுக் கொட்டகையின் தெற்குப் பக்கம். சுரேந்தருக்குத் தீவனக் கிடங்கின் பின்சுவர். வியாழக்கிழமை நான் முடித்தேன், வெள்ளிக்கிழமை அவன் முடித்தான். எல்லோரும் போன பிறகு அவன் துண்டில் ஸ்கேலும் நூலும் வைத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் இரண்டரை அங்குலம், இன்னோரிடத்தில் மூன்றரை. கண்மதிப்பில் செய்த வேலை. ஆனாலும் தண்ணீர் வெளியேதான் போகும். மழைக்கு அரை அங்குல வித்தியாசம் தெரியாது. மழை அவ்வளவு கண்டிப்பான வாத்தியார் இல்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

மற்ற ஆறு பேரும் போட்டியில் இல்லை. சனிக்கிழமை சாரிடம் கேட்டேன். "சார், என்னோடதும் சுரேந்தரோடதும் ரெண்டும் மழையில நின்னா?"

"நின்னா என்னம்மா, சுரேந்தரைப் போட்டுக்க வேண்டியதுதான். ஹாசன் சைடு, சாம்ராஜ்நகர் சைடுன்னு வாரக்கணக்குல சைட்லயே தங்கணும். உன்னை அங்க விட்டுட்டு நான் வீட்ல நிம்மதியா சாப்பிட முடியுமா? நீ ஆபீஸ்ல உக்காரு. உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கு."

எனக்குக் கோபம் வரவில்லை என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்தேன் என்று யாராவது எழுதினால் அது தவறு. அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது. இரண்டு துண்டுகளும் தேறினால் அவனுக்கு, ஒன்று மட்டும் தேறினால் எனக்கு. மழைக்குத் தெரியாத வித்தியாசத்தை மழைக்குத் தெரியும்படி செய்ய வேண்டும். நான் எடுத்துக்கொண்ட வேலை அவ்வளவுதான்.

"நாளைக்கு வந்து பழகலாமா சார்?" என்று கேட்டேன். சாவியைக் கொடுத்தார். பின்பக்கம் இருக்கும் மண்மேட்டில் பழகிக்கொள்ளச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகூட வந்து பழகுகிற பெண் என்று அவர் உங்களிடம் என்னைப் பாராட்டியது அதைத்தான்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கெல்லாம் போய்விட்டேன். பண்ணையில் தங்கி மாடு பார்ப்பவர்கள் ஜடையனும் அவர் மனைவி பாப்பாத்தியும். ஹனூர்ப் பக்கத்துக்காரர்கள். ஜடையன் பால் கேன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு சொசைட்டிக்குப் போயிருந்தார். போனால் பதினோரு மணிக்குத்தான் வருவார். பாப்பாத்தியக்கா சாணி வாரிக்கொண்டிருந்தார்.

"ஏங் கண்ணு, ஞாயித்துக்கெழமையுமா வந்துட்டே? உன்ற ஊட்டுல சோறாக்க வேண்டாமா?"

"சோறு ஆக்க அம்மா இருக்காங்கக்கா."

"அப்பச் செரி. நாளைக்குக் கட்டிக்கிட்டுப் போற ஊட்டுலயும் இந்த ஹிட்டாச்சிலயே கொழம்பு கலக்குவியாட்ட இருக்குது," என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அவரைப் பிடிக்கும். தினமும் வகுப்புக்கு வந்ததும் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுப்பவர் அவர். மற்ற ஏழு பேருக்கும் கொடுத்தாலும் எனக்குத்தான் முதலில்.

வண்டியைத் தீவனக் கிடங்கின் பின்னால் கொண்டுபோனேன். ஒரு மணி நாற்பது நிமிடம் வேலை. சுவரடியில் நாலு அங்குலம் இறக்கினேன். அந்த மண்ணை வெளிவிளிம்பில் பரப்பி அங்கே இரண்டு அங்குலம் ஏற்றினேன். பக்கெட்டின் முதுகால் தட்டித் தட்டி அமுக்கினேன். சுரேந்தரின் செயின் தடம் போலவே மேலே ஒரு முறை வண்டியை ஓட்டினேன். பார்த்தால் வெள்ளிக்கிழமை இருந்த தரைதான்.

கிடங்கின் சுவர் வெளியே பார்ப்பதற்குச் சிமெண்டு. நாலு அங்குலம் இறக்கியதும் பூச்சு முடிந்து, உள்ளே இருப்பது தெரிந்தது. மண். நடுநடுவே வைக்கோல் துணுக்கு. விரலால் கீறிப் பார்த்தேன். நகத்துக்கு உதிர்ந்தது. பார்ப்பதற்கு நன்றாக இல்லை என்பதால் ஈரமண்ணைக் குழைத்து அந்த இடத்தை நீளமாகப் பூசிவிட்டேன்.

சரிவை அளக்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. நூலும் ஸ்கேலும் அவன் வேலைக்குப் போதும், என் வேலைக்குப் போதாது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் என் பையில் இருந்தது. கண்ணாடி மாதிரியான நீள டியூப், உள்ளே தண்ணீர். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அதை வைத்துத் தரையின் ஏற்றத் தாழ்வை அளக்கலாம். ஆனால் அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

"அந்த முனைய நாம் புடிக்கறேன் குடு," என்றார் பாப்பாத்தியக்கா.

சுவரோரமாக அவர் நின்றார். வெளிவிளிம்பில் நான். ஐந்தடிக்கு ஓரிடமாக ஏழு இடங்கள்.

"தண்ணி ஆடுது கண்ணு. என்ற மாமியாளாட்ட ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது."

"அசையாமப் பிடிங்கக்கா. தானா நிக்கும்."

"நின்னுருச்சு நின்னுருச்சு. பாரு. செரியா இருக்குதா?"

"சரியா இருக்குக்கா."

ஆறு இடங்களில் மூன்று அங்குலம். ஓரிடத்தில் மட்டும் மூன்றே கால் இருந்தது. மண்வெட்டியால் அதையும் திருத்தினேன். அவர் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நான் திருத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் செவுரு என்னா குளுமைங்கறே. பதனொன்னுக்கு மேல மாட்டு வேல முடிஞ்சா நான் உள்ளார இதும்மேல சாஞ்சுதான் ஒரு தூக்கம் போடுவேன். எங்க தகர ஷெட்டுல மனுசி படுக்க முடியுமா?" என்றார்.

அவர் எங்கே படுப்பார் என்று எனக்குத் தெரியுமா என்று வினிதா மேடம் கேட்டார். தெரியும். அன்று இரவு நோட்டில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் ஏழு அளவுகளும், பாப்பாத்தியக்கா உதவியது, அவர் சொன்னது எல்லாம் இருக்கும். அறுபது பக்கங்களில் கேள்விக்குறி இல்லாத பக்கம் அது ஒன்றுதான். உங்கள் கண்ணில் பட்டும் அது பழகும் கணக்காகத்தான் தெரிந்திருக்கும்.

சுவர் விழ வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மழை பெய்தால் அடுத்த சனிக்கிழமை மார்க் போடுவதாகச் சார் சொல்லியிருந்தார். அன்று அவர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வரும்போது சுரேந்தரின் சுவரடியில் தண்ணீர் குளமாக நிற்க வேண்டும். அதைத்தான் நினைத்தேன். மண் சுவரின் காலில் மூன்று நாள் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். கேட்டுத் தெரிந்துகொண்டவளே நான்தான். ஆனால் ஒன்று தெரியும் என்பதும் அது நடக்கும் என்று நினைப்பதும் வேறு வேறு. இதை நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்று தோன்றுகிறது. நான் ஒப்புக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை விடியும்போதே மழை பிடித்தது. தசரா முடிந்த வாரம், எதிர்பார்த்த மழைதான். அன்று வகுப்பு இல்லை என்று சார் மெசேஜ் அனுப்பினார். செவ்வாய்க்கிழமையும் இல்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனேன். என் துண்டைப் பார்க்கத்தான் போனேன். கொட்டகையின் தெற்குப் பக்கம் தரை கழுவிவிட்டது போல இருந்தது, ஒரு சொட்டுத் தேங்கவில்லை. பிறகு கிடங்குக்குப் பின்னால் போனேன். சுவரடியில் முப்பதடி நீளத்துக்குத் தண்ணீர் நின்றது. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே ஆழம். எங்கும் மேடு தட்டவில்லை, எங்கும் பள்ளம் இல்லை. மழைத்துளி விழுந்து விழுந்து வட்டம் போடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கைமேல் எனக்கிருந்த சந்தேகம் அன்றைக்குப் போயிற்று.

பாப்பாத்தியக்கா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"கண்ணு, நீ வந்தது நல்லதாப் போச்சு. உள்ளார செவுத்துல ஒரு மொழம் ஒசரத்துக்கு ஈரம் ஏறி நிக்குது. மண்ணு பொடிப்பொடியா உதுருது. உங்க வாத்தியாருகிட்ட ஒரு போனு போட்டுச் சொல்றியா?"

இதுதான் நீங்கள் அறிக்கையில் சேர்க்க வேண்டிய இன்னொரு விஷயம். இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க முடியாது.

நான் யோசித்தேன். போன் செய்தால் சார் அன்றே வருவார். தண்ணீரை வெட்டி விடச் சொல்வார். சனிக்கிழமை பார்ப்பதற்கு எதுவும் இருக்காது. மேலும் அவர் டியூப் வைத்துப் பார்த்தால், சுரேந்தர் போட்ட சரிவு இல்லை இது என்று கண்டுபிடித்துவிடவும் கூடும்.

"மழை விட்டாக் காஞ்சிரும்க்கா," என்றேன். "இப்பச் சொன்னா சுரேந்தருக்கு மார்க் போயிரும். பாவம். சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கங்க."

"அய்யோ, அந்தப் பையனுக்கு நம்மளால ஒரு கெடுதி வேண்டாஞ் சாமி. படிச்ச புள்ள, நீ சொன்னாச் செரிதான்," என்றார்.

"உள்ளே படுக்கலாமில்ல?" என்றும் கேட்டார். அதைக் கேட்டபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்னும் ஆகாதுக்கா," என்றேன்.

புதன்கிழமை பகல் பன்னிரண்டரைக்குச் சுவர் விழுந்தது. இரண்டு மணிக்குச் சார் போன் செய்தபோது நான் கடையில் ஒருவருக்கு அரை அங்குல ஆணி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சார் அழுதார். "தாரணி, பாப்பாத்தி போயிட்டாம்மா. சுவர் அப்படியே உள்பக்கமா..." நான் ஆணியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டு போனேன். ஜடையன் இடிந்த மண்ணைக் கையால் வாரி வாரி ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தார். உடலை எடுத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. யார் சொல்லியும் அவர் நிறுத்தவில்லை. நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னைக் கேட்டால், அந்தச் சுவரைக் கல் அஸ்திவாரம் இல்லாமல் கட்டியவர், அதன்மேல் சிமெண்டைப் பூசி மறைத்த சேகரன், வேலைக்காரிக்குப் படுக்க நல்ல அறை கொடுக்காதவர், எல்லோருக்கும் இதில் பங்கு இருக்கிறது. பாப்பாத்தியக்காவும் சாரின் நம்பரை வைத்திருந்தார். அவரே போன் செய்திருக்கலாம். ஒரு பெண்ணுக்குச் சேர வேண்டிய சீட்டைப் பற்றி எட்டுப் பேர் முன்னால் ஒரு மாதிரியும், தனியே வேறு மாதிரியும் பேசியவர் ஒருவர் இருக்கிறார். அவரை நீங்கள் நாற்காலி போட்டு உட்காரவைத்து விசாரித்தீர்கள். நான் தலை குனிந்து இதை எழுதவில்லை. கையெழுத்து நடுங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அறிக்கைக்கு வருகிறேன். வியாழக்கிழமை வந்த இன்ஜினியர் கருவி வைத்து அளந்தார். நேற்று வினிதா மேடம் வாசித்த வரிகள் எனக்கு மனப்பாடம். "முப்பதடி நீளம் முழுவதும், பத்தடிக்கு மூன்று அங்குலம் வீதம், ஒரே சீராக, சுவரை நோக்கிச் சரிவு அமைக்கப்பட்டுள்ளது. தற்செயலாக அமைந்ததாகத் தெரியவில்லை. கை தேர்ந்த ஒருவர் திசையை மாற்றிச் செய்த வேலை. பயிற்சி மாணவர் சுரேந்தர் செய்தது." உதயகுமார் சாரும் ஒப்புக்கொண்டாராம். "அவன் கை சுத்தம்தான் சார். இவ்வளவு சுத்தமா வேற யாருக்கும் வராது. ஏன் திருப்பிப் போட்டான்னுதான் புரியல," என்றாராம்.

தான் செய்யவில்லை என்று சுரேந்தர் சத்தியம் செய்வதாகச் சொன்னீர்கள். அவன் அம்மா வராந்தாவில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை வரும்போதும் போகும்போதும் பார்த்தேன். அந்த அம்மாவுக்காக இதை எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம். மனசாட்சி என்று எழுதி எனக்குச் சலுகை காட்டவும் வேண்டாம். கடைசிச் சரிவு அவனுடையது இல்லை, என்னுடையது. பாப்பாத்தி அந்தச் சுவரோரம் படுப்பார் என்று தெரிந்தே செய்தேன். ஈரம் ஏறிய பிறகும் தெரிந்தே அவரை உள்ளே படுக்கச் சொன்னேன். சந்தேகம் இருந்தால் இரண்டு பேரையும் அதே வண்டியில் ஏற்றி முப்பதடி இழுக்கச் சொல்லுங்கள். இன்ஜினியர் வந்து அளக்கட்டும்.

இதைப் படித்ததும் வினிதா மேடம் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் உன்னை யாரும் கேட்டிருக்க மாட்டார்களே, ஏன் சொன்னாய் என்பார். மேடம், என்னையும் சுரேந்தரையும் தவிர வகுப்பிலும் பண்ணையிலுமாக ஒன்பது பேரை விசாரித்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டியின் சாவி என்னிடம் இருந்தது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். இவ்வளவு துல்லியமாக இழுக்க வேறு யாரால் முடியும் என்று அந்த ஒன்பது பேரிடமும் கேட்டீர்கள். ஒருவர்கூட என் பெயரைச் சொல்லவில்லை.